முகத்துக்குப் பட்டி பார்த்த கதை

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு பொம்பளை முகம் மினுங்கினால் ஊர் அதற்குச் சில காரணங்களைத் தயாராக வைத்திருக்கும். அடுப்படியில் வெகுநேரம் நின்றிருப்பாள். இல்லையென்றால் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சீயக்காய் சரியாகப் போட்டிருக்க மாட்டாள். இரண்டும் இல்லையென்றால் காய்ச்சல். 799 ரூபாய் கொடுத்து வாங்கிப் பூசிக்கொண்டுதான் அந்த மினுமினுப்பு வந்தது என்று சொந்தபந்தமான ஒறம்பரைக்கு விளங்கச் சொல்ல இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

ஏனென்றால் நாங்கள் வளர்ந்ததே மினுமினுப்புக்கு எதிரான போரில்தான். ரத்தினபுரி வீட்டில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா வாசலில் வழிமறிப்பார். “ஏ அம்மிணி, மூஞ்சியில எண்ணெ வடியுது பாரு. போயி கழுவிட்டு வா.” தலையில் அரைப்படி தேங்காயெண்ணெய் வைத்துவிட்டதும் அவர்தான். அது இரண்டாவது பீரியடுக்குள் நெற்றிக்கு இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கழுவிவிட்டு வந்தால் பவுடர். கோகுல் சாண்டலோ, பாண்ட்ஸோ, குட்டிக்கூராவோ, மாதக் கடைசியின் நிலவரத்தைப் பொறுத்தது. இடது உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்து, முகத்தில் அப்பிக்கொண்டால் தாடைக்கு மேலே ஒரு ஆளும் கழுத்துக்குக் கீழே வேறொரு ஆளுமாகப் புறப்படுவோம். கண்ணாடியில் பளபளப்பு எங்கேயும் தென்படக்கூடாது. தென்பட்டால் இன்னொரு தட்டு.

காந்திபுரத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனாலும் இதே கதைதான். ஸ்டுடியோவில் திரைக்குப் பின்னால் ஒரு இருட்டு மூலை. அங்கே ரசம் போன கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கவிட்ட பல்லுப்போன சீப்பு, பவுடர் டப்பா, அதற்குள் ஒரு பஞ்சு. அந்தப் பஞ்சு எத்தனை ஆயிரம் முகங்களைத் தொட்டிருக்குமோ, பல்லடத்துக்காரர் நெற்றியும் பொள்ளாச்சிக்காரர் மூக்கும் அதில்தான் சந்தித்துக்கொண்டன. போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “மூக்குல மின்னுதுங்க, இன்னுங் கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாங்க” என்பார். அப்படித் திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்த முகம்தான் இன்றைக்கும் என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் சுண்ணாம்புச் சுவராக நிற்கிறது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உலகமே அந்தக் கட்சியில்தான் இருந்தது. போலந்தில் பிறந்து, சவுரி முடி கட்டுகிற தொழில் பழகி, 1904-ல் அமெரிக்காவுக்குப் போனவர் மேக்ஸ் ஃபேக்டர். ஹாலிவுட் வண்ணப் படத்துக்கு மாறியபோது அதுவரை நடிகர்கள் பூசிய களிம்பு விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிப் பக்கத்திலிருக்கிற சட்டையின் நிறத்தையெல்லாம் முகத்தில் வாங்கிக் காட்டியது. அந்த மினுக்கத்தைக் கொல்வதற்காகவே 1930-களின் பிற்பாதியில் அவருடைய கம்பெனி பான்கேக் என்ற கட்டிப் பூச்சைக் கொண்டுவந்தது. அந்த வார்த்தையை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் புலியகுளத்தில் பட்சிராஜாவும் ஓகோவென்று இருந்த காலம் ஒன்று உண்டு. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக வந்த ‘ராஜகுமாரி’ 1947-லும், ‘மலைக்கள்ளன்’ 1954-லும் கோயமுத்தூரில் தயாரான படங்கள். ஊருக்குள் ‘பான்கேக் போட்டவன்’ என்றால் சினிமாக்காரன் என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால் அதே மேக்ஸ் ஃபேக்டரின் கொள்ளுப்பேரன்கள் டீன், டேவிஸ் என்று இரண்டு பேர் லாஸ் ஏஞ்சலஸில் போட்டோ ஸ்டுடியோ நடத்தி, 1996-ல் ஸ்மாஷ்பாக்ஸ் என்று அழகுசாதனக் கம்பெனி ஆரம்பித்தார்கள். போட்டோவுக்கு முகத்தை வழவழப்பாக்கிக் காட்டும் பிரைமர்தான் அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு. அப்புறம் மற்ற கம்பெனிகளும் இறங்கி, அதில் முத்துப் பளபளப்புப் பொடியைக் கலந்து, ‘இல்லுமினேட்டிங்’ என்று ஒட்டுச்சீட்டு ஒட்டி விட்டார்கள். பாட்டன் துடைத்ததைப் பேரன் வகையறா திரும்பப் பூசிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது ரத்தினபுரியில் பவுடர் போட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்கள்.

நான் பாட்டுக்குச் சும்மாதான் இருந்தேன். சித்தப்பா மகனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தம்பிக்குக் கூடப்பிறந்த பொம்பளைப் பிள்ளை இல்லை. எனவே இணைச்சீர் எனக்கு. கொங்குக் கல்யாணம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ அவருக்குச் சமமாகப் பட்டும் நகையுமாக உட்கார்ந்து சீர் வாங்கிக்கொள்கிற சடங்கு. அருமைக்காரர் நடத்திவைப்பார். அந்த அரைமணி நேரம் மண்டபத்தின் மொத்தக் கண்ணும், மூன்று கேமராவும், தலைக்கு மேலே ஒரு டிரோனும் இணைச்சீர்காரி மேல்தான். கல்லூரியில் படிக்கும் என் மகள் இதைக் கேள்விப்பட்டதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் பழைய வீட்டைப் பார்க்க வந்த மேஸ்திரி பார்த்த அதே பார்வை.

“அம்மா, நீ பவுடர் மட்டும் போட்டுக்கிட்டு வந்தேன்னா நான் வரமாட்டேன்.”

அவள் கொரியா சீரியல் பார்க்கிற தலைமுறை. அந்த ஊர்ப் பிள்ளைகள் முகம் கண்ணாடிச் சில்லு வைத்ததுபோல் இருக்க வேண்டுமாம், அதற்கு ‘கிளாஸ் ஸ்கின்’ என்று பெயராம். எங்கள் காலத்துக் கவலை வேறு. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி டியூபு எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கும். செவப்பாக வேண்டும், அவ்வளவுதான். 2020-ல் அந்தக் கம்பெனிக்காரர்களே ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஆக, செவப்பைக் கைவிட்டு எல்லோரும் பளபளப்புக்கு மாறிவிட்டார்கள் என்று எனக்குத் தாக்கல் வந்ததே கொஞ்சம் தாமதமாகத்தான்.

கிராஸ் கட் ரோட்டுக்குப் போனோம். ஒரு காலத்தில் அங்கே பேன்சி ஸ்டோர் என்றால் வளையல், ரிப்பன், சாந்து, ஐடெக்ஸ் மை, ஊக்கு. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எதையும் எட்டி எடுத்துவிடுவார். இப்போது ஏசி, கண்ணாடியைச் சுற்றி வட்டமாக விளக்கு, கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள். ஒரு பெண் வந்து என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அக்காவுக்குக் கொஞ்சம் டல்லா இருக்குதுங்க்கா.”

“வெயில்ல வந்தேன் கண்ணு.”

“பரவால்லீங்க்கா. இது போட்டா உள்ளேருந்து லைட் எரியறாப்பல இருக்கும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்ன பட்டி பாத்து பிரைமர் அடிக்கறாங்கள்லங்க்கா, அதேதான். குழியெல்லாம் அடைச்சு மட்டமாக்கிடும்.”

கோயமுத்தூரில் எதை விற்கிறவரும் கடைசியில் கட்டடத்தில் வந்துதான் நிற்பார். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்பது பிறகு தெரிந்தது.

இடது புறங்கையில் ஒரு சொட்டு, வலது புறங்கையில் வேறொரு சொட்டு வைத்துத் தேய்த்துவிட்டாள். இடது வெள்ளி மினுக்கம், வலது தங்க மினுக்கம். கடை விளக்கில் இரண்டு கையும் ஜொலித்தன. அந்த விளக்கில் கருவாடு வைத்தாலும் ஜொலிக்கும். எங்கள் குடும்பத்தில் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்காமல் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. நான் கையை நீட்டிப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தேன். செக்யூரிட்டி பில் கேட்டார். கையைக் காட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழிவிட்டார்.

வெயிலில்தான் விஷயம் வெளுத்தது. இடது கையில் மினுக்கத்தைக் காணோம், சாம்பல் பூத்திருந்தது. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங் கண்ணு, கையில துன்னூறு கொட்டிருச்சுங்ளா?” வலது கையைக் காட்டினேன். “இது பரவால்லீங்.” எந்த அழகுக்கலை நிபுணரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டார்.

இதன் சூட்சுமம் மைக்கா என்கிற காக்காப்பொன்னில் இருக்கிறது. பளபளப்புக்குச் சேர்ப்பது அதைத்தான். அதன் மெல்லிய தகட்டின் மேல் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொருளைப் படியவைக்கிறார்கள். பூச்சு மெல்லிசாக இருந்தால் வெளிச்சம் வெள்ளியாகத் திரும்பும், கொஞ்சம் தடிமனானால் தங்கம், இன்னும் ஏறினால் சிவப்பு, நீலம் என்று மாறிக்கொண்டே போகும். சாயமே கிடையாது, தடிமனில் நடக்கிற வித்தை. வெள்ளி வெளிச்சம் வெளுத்த தோலில் பாலாகத் தெரியும், நம் மாநிறத்தில் சாம்பலாக விழும். நம் நிறத்துக்குத் தங்கமோ செம்போ கலந்ததுதான் ஒத்துப்போகும். தங்க நிறத்தையே எடுத்துக்கொண்டேன். 30 மில்லி. விலையைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தேன். அவள் விட்டத்தைப் பார்த்தாள்.

ராத்திரி வீட்டில் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தோம். வீட்டுக்காரர் பம்பு செட்டு உதிரிபாகத் தொழிலில் இருப்பவர், எந்தப் பொருளுக்கும் ‘உள்ளே என்ன இருக்குது’ என்று கேட்காமல் சோறு இறங்காது. முதல் பெயர் டைமெத்திகோன். சிலிகான் வகை. அது தோலுக்குள் இறங்குவதில்லை. மேலேயே மெல்லிய படலமாக நின்று துவாரங்களையும் கோடுகளையும் நிரவிவிடுகிறது. தொட்டால் வழவழவென்று பட்டுபோல் வழுக்குவது அதனால்தான். மகள் போனில் தேடி ஒரு தகவலை எடுத்தாள். பெரிய அளவில் பொரிக்கிற எண்ணெயில் நுரை கட்டாமல் இருக்கத் துளியூண்டு சேர்ப்பதும் இதே சிலிகான் வகையைத்தானாம்.

“அப்பச் சரி, சட்டியிலயும் மூஞ்சியிலயும் ஒண்ணுதான்” என்றார் வீட்டுக்காரர். டைட்டானியம் டையாக்சைடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை கொடுப்பதும் அதுதான். “நாலு லிட்டர் டப்பா என்ன விலைன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். மில்லிக் கணக்கைப் பெருக்கிச் சொன்னபோது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மகள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடீஹ் பக்கம் கைவிட்ட சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் இறங்கிக் காக்காப்பொன் பொறுக்குகிற விஷயம் வெகுநாளாகப் பேசப்படுவது. மண் சரிந்து செத்த குழந்தைகளும் உண்டு. அதனால் சில கம்பெனிகள் ஆலையில் செய்த செயற்கைக் காக்காப்பொன்னுக்கு மாறியிருக்கின்றன. பெட்டியில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கும், சிந்தெட்டிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட். எங்கள் பெட்டியில் அது இருந்தது. மகள் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை.

காதுக்குப் பின்னால் தடவி ஒரு ராத்திரி பார்த்தோம். அரிப்பு, தடிப்பு ஏதும் இல்லை. காலையில் முகம் கழுவி, ஈரப்பதக் கிரீம் போட்டு, வெயிலுக்கான கிரீம் போட்டு, அதன்மேல் பச்சைப் பட்டாணி அளவு பிரைமர். தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாக உருண்டு உதிர்ந்தது. அடியில் இருப்பது தண்ணீர் சேர்ந்தது, மேலே வருவது சிலிகான். அடிப்பூச்சு காய்கிறவரை பொறுக்காமல் மேலே தேய்த்தால் இரண்டும் ஒட்டாமல் கட்டிக்கொண்டு வெளிநடப்பு செய்யும். “அஞ்சு நிமிசம் பொறும்மா. தேய்க்காத, ஒத்தி ஒத்தி எடு” என்றாள் மகள். காலை ஏழரை மணிக்குக் குக்கர் இரண்டாவது விசிலில் இருக்கிற வீட்டில் அஞ்சு நிமிசம் சும்மா நிற்பது என்பது பிரைமரைவிட விலை உயர்ந்த பொருள். நின்றேன். பால் பொங்கி வழிந்தது. முகம் காய்ந்தது.

நல்ல பளபளப்பு. நெற்றி, கன்னத்து மேடு, மூக்குத் தண்டு எல்லாம் விளக்கு வைத்ததுபோல் இருந்தது. வெளியே வந்தேன். மாமியார் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கீரையைப் போட்டுவிட்டு எழுந்தார். புறங்கையை என் நெற்றியில் வைத்தார்.

“என்ன கண்ணு இப்பிடி வேத்து ஊத்துது? மேலு சுடுதா?”

“இல்லீங் அத்தை. இது கிரீமு.”

“கிரீமா? காச்சலுக்கு யாராச்சும் கிரீமு போடுவாங்களா?”

சுக்கு, மிளகு, தூதுவளை தட்டிப்போட்டுக் கசாயம் வந்தது. நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் எச்சாகிக்கொண்டே போனது. காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். முழு டம்ளரும் குடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்ப முடிந்தது.

வீட்டிலிருந்து டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அடுத்த சோதனை. மேம்பாலம் கட்டி எத்தனை அடுக்கு வைத்தாலும் காந்திபுரத்துப் புழுதி கீழேதான் குடியிருக்கிறது. கூட்டத்தில் வேர்த்தது. வேர்த்தால் கை தானாக என்ன செய்யும்? நாற்பது வயதுவரை பழகிய கை, முந்தானையைப் பிடித்து நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பு. அன்றைக்கு என் முகத்தைவிட முந்தானை அழகாக இருந்தது. ஆபீசில் ஒரு சினேகிதி, “சேலை புதுசா? பார்டர்ல டிஷ்யூ போட்டிருக்குதா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மினுக்கம் மூன்று சலவைக்குத் தாங்கியது, அந்தச் சரக்கைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன்.

கல்யாணம் அன்னூர்ப் பக்கம் மண்டபம். சத்தி ரோட்டில் கணபதி, சரவணம்பட்டி தாண்டிப் போவதற்குள் காரின் கண்ணாடியில் முகத்தைப் பத்துத் தடவை பார்த்திருப்பேன். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட ஆளும் பெட்டியுமாக ஒரு பட்டாளம் வந்திருந்தது. எனக்கு என் மகள்தான் பட்டாளம். நெற்றியிலும் மூக்கிலும் போடக்கூடாது, அங்கே தானாகவே எண்ணெய் வரும், கன்னத்து மேட்டுக்கு மட்டும் போதும் என்பது அதற்குள் அவள் கண்டுபிடித்திருந்த திருத்தம். மஞ்சள் பூசிக் குளித்த முகம் வேறு. ஈரோட்டு மஞ்சள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, தேய்த்துக் கழுவினாலும் லேசில் போகாது. அந்த மஞ்சளின் மேலே தங்க மினுக்கம் ஏறியபோது நானே கண்ணாடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். நன்றாகவே இருந்தது. சும்மா கேலி பண்ணிக்கொண்டே இருந்தால் நியாயம் இல்லை, நன்றாகவே இருந்தது.

இணைச்சீர் முடிந்து கீழே இறங்கியதும் பெரியத்தை பிடித்துக்கொண்டார். “அம்மிணி, மொகம் நல்லாத் தெளிஞ்சிருக்குதே. என்ன பண்றே?” நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “தூதுவளக் கசாயங் குடுத்தனுங். அதுக்கப்பறந்தான் மூஞ்சி தெளிஞ்சுது.” பக்கத்தில் இருந்த மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் திருப்பூரில் இருப்பவர். “எல்லாஞ் சிறுவாணித் தண்ணிங்க. எங்கூருக்கு வந்து ஒரு மாசம் இருக்கட்டும், அப்பத் தெரியும்.” உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் சிறுவாணி என்று நாங்களே சொல்லிக்கொள்வது வழக்கம். முதலாவது எது என்று கேட்ட மனுஷனை நான் கண்டதில்லை. கசாயத்துக்கும் தண்ணீருக்கும் அங்கே வழக்கு முற்றிவிட்டது. பந்தியில் இடம் கிடைக்கிறவரை ஓடியது. பிரைமர் சார்பில் ஆஜராக யாரும் இல்லை. மகள் மட்டும் தூரத்திலிருந்து என் கன்னத்தைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அடுத்த வாரம் பெரியத்தை வீட்டில் தூதுவளைக் கொடி நட்டுவிட்டார்கள் என்று தகவல்.

ஆல்பம் வேலை காந்திபுரத்தில் ஒரு மாடியறையில். பக்கங்களைத் தேர்வு செய்ய நானும் தம்பியும் போனோம். டிசைன் செய்கிற பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். இணைச்சீர்ப் பக்கத்தைத் திறந்தான். நான் உட்கார்ந்திருக்கிறேன், பட்டு இருக்கிறது, நகை இருக்கிறது. கன்னம் இரண்டும் பவுடர் போட்ட பலகையாக, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் கிடந்தன.

“தம்பி, கன்னத்துல இருந்தது எங்கே?”

“எண்ணெ வடிஞ்சுதுங்க்கா. நானே எடுத்துட்டேன். மத்தவங்களுக்கு ஒரு மூஞ்சிக்கு இவ்வளவுன்னு வாங்கறதுதான். நீங்க மாப்ள அக்கா, அதுக்குக் காசு வேண்டாம்.”

அது எண்ணெய் இல்லை, பூசிக்கொண்டது, எவ்வளவு விலை, எங்கே வாங்கியது என்று சொன்னேன். அவன் கவலையாகக் கேட்டுக்கொண்டான். “பழைய ஃபைலை அழிச்சுட்டேனுங்க்கா. பரவால்ல, க்ளோ எபெக்ட் இருக்குது. ஒரே இழுப்பு.” மவுசைப் பிடித்து எதையோ வலது பக்கம் இழுத்தான். அது என் கன்னத்துக்கு மட்டும் இல்லை, பக்கம் முழுவதற்கும் விழுந்தது. தம்பி ஜொலித்தான், வாழைமரம் ஜொலித்தது, எண்பது வயது அருமைக்காரர் உருமாலோடு சேர்ந்து உள்ளேயிருந்து லைட் எரிகிறாப்போல உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அப்படியே பிரிண்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டான். ஆல்பம் வந்து, ஒறம்பரை வீடுகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அருமைக்காரர் என்ன போடுகிறார் என்று பெரியத்தை போன வாரம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.